ஆசாரியர் உடையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: எருசலேம் முதல் திம்னா வரை

எருசலேமின் மேற்குச் சுவரிலிருந்து யூதர் பகுதிக்கு ஏறும் படிக்கட்டின் மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பொன் குத்துவிளக்கு நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் குழுக்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் புறப்பட்டுவிடும். அதே யூதர் பகுதியில், அந்த விளக்கைச் செய்த ஆலய நிறுவனத்தின் காட்சிக்கூடம் இருக்கிறது. 1987-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. பழைய எருசலேம் ஆலயத்தின் தலைமைக் குருவான பிரதான ஆசாரியரின் எட்டு உடைகளையும் நூல் நூலாக மறுபடி நெய்து வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மூடியிருக்கும், வெள்ளிக்கிழமை மதியத்தையும் நம்ப வேண்டாம். யாத்திராகமம் 28, 39, லேவியராகமம் 8, 16 ஆகிய நான்கு அதிகாரங்களை முந்தின இரவே வாசித்துவிட்டுப் போங்கள். வாசிக்காமல் போனால் கண்ணில் படுவது தங்கமும் கல்லும் மட்டுமே.

தமிழ் வேதாகமத்தோடு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் மொழிபெயர்ப்பில் 'மெல்லிய பஞ்சுநூல்' என்று வருவது பருத்தி அல்ல. மூலத்தில் உள்ள 'ஷேஷ்' என்பது ஆளிச் செடியின் தண்டிலிருந்து உரிக்கும் நார், அதாவது லினன். லேவியராகமம் 16-இல் 'சணல்நூல்' என்று வருவதும் லினன்தான், நம் சாக்குச் சணல் இல்லை. 'ஷேஷ்' என்ற சொல்லுக்கு எபிரெயத்தில் ஆறு என்ற பொருளும் உண்டு. அதனால்தான் ஆறு இழை முறுக்கிய நூல் வேண்டும் என்று ரபிகள் (யூத வேத அறிஞர்கள்) விதித்தார்கள்.

உடையை உள்ளிருந்து வெளியே, உடுத்தும் வரிசையில் பாருங்கள். முதலில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை சல்லடம். அதன்மேல் கட்டம் போட்ட நெசவில் உள்சட்டை, பிறகு இடைக்கச்சை. இந்தக் கச்சையின் நீளத்தை இடைக்கால யூத அறிஞர் மைமோனிடஸ் 32 முழம் என்கிறார். ஏறத்தாழ 14 மீட்டர், நம் ஆறு கெஜப் புடவை இரண்டரைக்கு வரும். அகலமோ மூன்று விரல்தான். தலைக்குச் சாதாரண ஆசாரியருக்குக் குல்லா, பிரதான ஆசாரியருக்குப் பாகை. சாதாரண ஆசாரியருக்கு இந்த நான்கோடு சரி. பிரதான ஆசாரியருக்கு இன்னும் நான்கு: நீல அங்கி, ஏபோத்து (தோள்பட்டையுள்ள மேலாடை), மார்ப்பதக்கம், நெற்றியில் பொன்பட்டம். செருப்பு எந்தப் பட்டியலிலும் இல்லை. ஊழியம் வெறுங்காலோடுதான். முதல் பிரதான ஆசாரியரான ஆரோனைச் செருப்பு மாட்டியவராகப் படத்தில் கண்டால், வரைந்தவர் அதிகாரத்தைச் சரியாக வாசிக்கவில்லை என்று பொருள்.

ஏபோத்தின் துணி அருகில் நெடுநேரம் நில்லுங்கள். இளநீலம், இரத்தாம்பரம் (ஊதா), சிவப்பு ஆகிய மூன்று கம்பளி நூல்கள், நான்காவதாக லினன். ஒவ்வொன்றிலும் ஆறு இழையோடு ஒரு பொன்னிழை சேர்த்து முறுக்க வேண்டும். ஏழு நான்கு இருபத்தெட்டு. பொன்னைக் கம்பியாக இழுக்கவில்லை, தகடாக அடித்துச் சரிகையாக வெட்டினார்கள் என்று யாத்திராகமம் 39:3 தெளிவாகச் சொல்கிறது.

கம்பளியும் லினனும் கலந்த துணியை இஸ்ரவேலர் யாரும் உடுத்தக்கூடாது என்று உபாகமம் 22:11 தடுக்கிறது. ஆனால் ஆசாரியரின் கச்சையும் ஏபோத்தும் அந்தக் கலப்பிலேயே நெய்யப்பட்டன. கலப்பு அசுத்தம் என்பதற்காகத் தடை வரவில்லை, அது பரிசுத்த ஸ்தலத்துக்கென்று ஒதுக்கப்பட்டதால் வந்தது என்று கொண்டால்தான் இரண்டு கட்டளையும் பொருந்துகின்றன. சாதாரண மனிதனுக்கும் ஒரே ஒரு இழை கிடைத்தது: எண்ணாகமம் 15:38 சொல்லும், தொங்கலில் கட்டும் நீல நாடா.

கற்களின் தமிழ்ப் பெயர்களை வைத்து நகைக்கடைக் கணக்குப் போட வேண்டாம். பத்மராகம், வச்சிரம், கோமேதகம் எல்லாம் மொழிபெயர்ப்பாளரின் ஊகங்கள். வைரத்தில் பெயர் வெட்டும் கருவி அந்தக் காலத்தில் கிடையாது. முதல் கல்லான 'ஓதெம்' சிவப்பு என்ற வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. 'சப்பீர்' நீலக்கல் அல்ல, லாபிஸ் லாசுலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கல்லின் பெயரைவிட அதில் வெட்டியிருக்கும் பெயர் முக்கியம். தோளில் இரண்டு கல், கல்லுக்கு ஆறு கோத்திரமாக இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரப் பெயர். ஒரு சாண் சதுரமான மார்ப்பதக்கத்தில் அதே பன்னிரண்டு பெயர் மறுபடியும், இந்த முறை கல்லுக்கு ஒன்று. பாரம் சுமக்கும் தோளிலும் நினைவு தங்கும் நெஞ்சிலும் மக்களை ஏற்றிக்கொண்டுதான் பிரதான ஆசாரியர் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போக வேண்டும். இந்த உடையின் பொருள் முழுக்க இங்கே இருக்கிறது என்றே எங்களுக்குப் படுகிறது. பதக்கத்தின் கீழ் வளையங்களை ஏபோத்தோடு இணைக்கும் நீல நாடாவைத் தவறவிடாதீர்கள். பதக்கம் ஏபோத்தைவிட்டு நீங்கக்கூடாது என்று யாத்திராகமம் 28:28 கட்டளையிடுகிறது. தோளும் நெஞ்சும் பிரியக்கூடாது.

நீல அங்கியின் கழுத்துத் துவாரத்தைச் சுற்றி நெய்த கரை இருக்கும். தலை வழியாக மாட்டும் உடை கழுத்தில்தான் முதலில் கிழியும், கிழிந்த உடையில் செய்த ஊழியம் செல்லாது. தொங்கலில் மாதுளையும் பொன்மணியும் மாறிமாறி வரும். மணியின் எண்ணிக்கையை வேதம் சொல்லவில்லை, 72 என்பது ரபிகளின் கணக்கு. இங்கே வழிகாட்டிகள் தவறாமல் ஒரு கதை சொல்வார்கள்: மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரதான ஆசாரியர் இறந்தால் இழுத்து வெளியே எடுக்கக் காலில் கயிறு கட்டியிருந்தார்கள் என்று. வேதத்திலும் இல்லை, ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதிலும் இல்லை. இடைக்கால நூல்களிலிருந்து வந்தது. 2011-இல் ஆலய மலையை ஒட்டிய ராபின்சன் வளைவின் அருகே, இரண்டாம் ஆலயக் காலத்து வடிகாலில் ஒரு சின்னஞ்சிறு பொன்மணி கிடைத்தது உண்மை. அது பிரதான ஆசாரியருடையது என்பதற்கு மட்டும் சான்று கிடையாது.

உடைகளின் பொருளைப் பழையவர்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸுக்கு அது பிரபஞ்சம்: லினன் பூமி, நீல அங்கி வானம், மணி இடி, மாதுளை மின்னல், கச்சை கடல். தல்மூதுக்கு ஒவ்வொரு உடையும் ஒரு பாவநிவிர்த்தி. பாகை அகந்தைக்கு, அங்கி புறங்கூறலுக்கு, சத்தம் செய்த பாவத்தைச் சத்தமே தீர்க்கட்டும் என்று.

பொன்பட்டத்தின் 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்ற எழுத்தைப் பார்த்த கையோடு இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய் எருசலேமின் கேதெப் இன்னோம் கல்லறையில் கிடைத்த வெள்ளிச் சுருள்களைத் தேடுங்கள். ஆசாரியரின் ஆசீர்வாதம் கீறப்பட்ட, ஏறத்தாழ 2600 ஆண்டுப் பழமையான சுருள்கள். முதல் ஆலயத்தில் ஒரு பட்டம் இருந்திருந்தால் அதில் இந்தப் பழைய எபிரெய எழுத்துதான் இருந்திருக்கும். மாதிரிகளில் பரவலாகக் காணும் சதுர எழுத்து பின்னால் வந்தது.

அடுத்த நாள், தெற்குப் பாலைவனத்தில் இருக்கும் திம்னா பூங்கா. சாக்கடல் ஓரமாக 90-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே நான்கு மணி நேரம், எய்லாத்துக்கு 30 கிலோமீட்டர் முன்னால். பேருந்து நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடும். பூங்காவுக்குள் இடத்துக்கு இடம் பல கிலோமீட்டர் என்பதால் வண்டி இல்லாமல் போகாதீர்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை சரி. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அப்போது போனால் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

ஆலயம் கட்டப்படும் முன் இஸ்ரவேலர் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் முழு அளவு மாதிரி அங்கே இருக்கிறது. பிராகாரம் 100 முழத்துக்கு 50 முழம். மூலப் பொருள்களால் செய்ததல்ல, பொன்னும் நிறமும் அலங்காரம்தான். ஆனால் நடந்து பார்க்கும்போது தூரம் புரியும். பிராகாரத்தில் வெண்கலமும் வெள்ளைத் திரையும், உள்ளே போகப் போகப் பொன்னும் நான்கு நிற நெசவும். ஏபோத்தின் அதே நான்கு நூல்கள்தான் உள்திரையிலும். ஆசாரியர் கூடாரத்தையே உடுத்திக்கொண்டு நடந்தார் என்பது இங்கே வந்தால் கண்ணுக்குத் தெரிகிறது.

இதே பள்ளத்தாக்கின் 'அடிமைகள் மேட்டில்' கிடைத்த கம்பளித் துணுக்குகளில் கடல் நத்தையின் உண்மையான இரத்தாம்பரச் சாயம் இருப்பது 2021-இல் அறிவிக்கப்பட்டது. காலம் ஏறத்தாழ கி.மு. 1000. நத்தை வாழும் மத்தியதரைக் கடலோ 300 கிலோமீட்டருக்கு அப்பால். சாயக் கரைசலை நிழலில் வைத்தால் ஊதா வரும், வெயில் பட்டால் புரோமின் கழன்று நீலமாகும். இரத்தாம்பரத்துக்கும் இளநீலத்துக்கும் இடையே நிற்பது சூரியன்.

கூடாரத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தின் திரையருகே வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். பல படங்களில் பிரதான ஆசாரியர் பொன் உடையோடு உடன்படிக்கைப் பெட்டி முன் நிற்பார். அது தவறு. வருடத்துக்கு ஒருநாள் அந்தத் திரையைக் கடக்கும்போது அவர் மேல் பொன்னும் இல்லை, மணியும் இல்லை, கல்லும் இல்லை. வெறும் வெள்ளை லினன் மட்டும், முடிந்ததும் அதையும் அங்கேயே கழற்றி வைத்துவிட வேண்டும் (லேவியராகமம் 16:4, 23). அன்றைய வெள்ளைத் துணியின் விலையை மிஷ்னா (தல்மூதுக்கு அடிப்படையான யூதச் சட்டத் தொகுப்பு) குறித்து வைத்திருக்கிறது. ரபி மேயரின் கணக்குப்படி காலையில் உடுத்தியது எகிப்தின் பெலூசியத் துணி, 12 மினா (ஒரு மினா நூறு சூஸ் வெள்ளிக்காசு). பிற்பகலில், உள்ளே விட்டுவந்த தூபகலசத்தை எடுத்துவரப் போகும்போது உடுத்தியது இந்தியத் துணி, 800 சூஸ்.