கல்லீரலை அளந்த நாட்கள்

அப்பாவுக்குக் கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நோய் முற்றியபோது வீட்டில் என் ரத்தப் பிரிவுதான் பொருந்தியது. என் கல்லீரலின் வலது பாகத்தைக் கொடுப்பது என்று முடிவானது. மனம் ஒப்பினால் போதாது, அளவும் ஒத்துவர வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெறுகிறவரின் உடல் எடையில் 0.8 சதவீதமாவது புதுக் கல்லீரல் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. அப்பா 68 கிலோ. ஆக 544 கிராம். என்னிடமும் மொத்தத்தில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும்.

வெறும் வயிற்றோடு போய் சி.டி. ஸ்கேனில் படுத்தேன். சாயம் ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவியது.

இரண்டு நாளில் கணக்கு வந்தது. மீதம் 29.6 சதவீதம். வேறு கொடையாளரைத் தேடச் சொன்னார்கள். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை.

மறுநாள் கதிரியக்க மருத்துவர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். திரையில் என் வயிறு ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக ஓடியது. ஒவ்வொரு துண்டிலும் கணினியே கல்லீரலின் ஓரத்தைக் கோடு போட்டு வளைக்கிறது. கோட்டுக்குள் அடங்கும் பரப்பைத் தடிமனால் பெருக்கி, எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் கன அளவு.

“இங்கே பாருங்கள் அம்மா” என்றார். மண்ணீரலை ஒட்டி நாக்கு போல ஒரு மெல்லிய பட்டை. சிலருக்குக் கல்லீரலின் இடது நுனி அப்படி நீண்டு மண்ணீரலைத் தொடுமாம். அந்தப் படத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வெளுப்பு. கணினி நாக்கை மண்ணீரலோடு சேர்த்துவிட்டிருந்தது. துண்டு துண்டாக நகர்த்தி, அது கல்லீரலோடு சேரும் இடத்தைக் காட்டி, கையாலேயே கோட்டைத் திருத்தினார். 85 மில்லிலிட்டர் கூடியது. மொத்தம் 1,165, வலது பாகம் 760, மீதம் 405. அதாவது 34.8 சதவீதம். முதல் எண்ணோடு அவர் விட்டிருந்தால் என்று நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

உறுப்புக் கொடைக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழு, கையெழுத்துகள், அறுவை சிகிச்சை எல்லாம் அடுத்த மாதத்துக்குள் முடிந்தன. வெட்டியெடுத்த பாகம் தராசில் 690 கிராம் இருந்தது. உள்ளே இருக்கும் ரத்தம் வடிந்துவிடுவதால் படத்தில் கணித்ததைவிட எடை குறைவது வழக்கம் என்றார்கள்.

மூன்றாம் மாத ஸ்கேனில் என் கல்லீரல் 940 மில்லிலிட்டராக வளர்ந்திருந்தது. அப்பாவும் கூட வந்திருந்தார். அந்த நாக்கு எது என்று கேட்டார். டாக்டர் திரையைத் தொட்டுக் காட்டினார்.