சார்ட்டைக் கழற்றிவிட்டுக் கட்டை எண்ணியதில் பிடிபட்ட கார்ட்கள்

கீபோர்டுக்கு மேலே சுவரில் ஒரு கார்ட் (chord, சில சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து வாசிப்பது) சார்ட் ஒட்டியிருந்தேன். 12 சுரம், ஒவ்வொன்றுக்கும் 8 வகை, ஆக 96 படம். அத்தனையையும் நெட்டுரு போடும் பொறுமை எனக்குக் கிடையாது. சார்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு கார்டையும் எண்ணியே கட்டிப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

எண்ணுவது சுலபம். வெள்ளையோ கறுப்போ, பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்தால் ஒரு படி. வெள்ளைக் கட்டைகளுக்கு வரிசையாக சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்று பெயர். சி-யிலிருந்து நாலு படி ஏறினால் இ, அங்கிருந்து மூன்று படியில் ஜி. இந்த 4+3 தான் மேஜர். அதையே 3+4 ஆக்கினால் சி, இ ஃப்ளாட் (இ-க்கு ஒரு படி கீழே), ஜி: மைனர். இரண்டு ஓரமும் அசையவில்லை, நடுவிரல் மட்டும் ஒரு கட்டை இறங்குகிறது. கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: சி-யை சட்ஜமாக வைத்தால், அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகிறது, அவ்வளவுதான். எண்ணத் தொடங்கிய பிறகு டி மேஜரில் நடுவில் கறுப்புக் கட்டை வருவதும், பி ஃப்ளாட் மேஜர் கறுப்பில் ஆரம்பிப்பதும் தொந்தரவாகவே இல்லை. கைக்குத் தான் வேறு வடிவம், கணக்கு ஒன்றே.

3+3 டிமினிஷ்ட், 4+4 ஆக்மென்டட். பாட்டுகளில் அதிகம் வராத ஆக்மென்டடில் தான் நான் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன். சி, இ, ஜி ஷார்ப் (ஜி-க்கு ஒரு படி மேலே) வாசித்து, இன்னொரு நாலு படி ஏறினால் மறுபடி சி-யிலேயே வந்து நிற்கிறோம். 4+4+4 = 12 ஆயிற்றே! அப்படியானால் சி ஆக்மென்டட், இ ஆக்மென்டட், ஜி ஷார்ப் ஆக்மென்டட் மூன்றும் அதே மூன்று கட்டைகள் தான். பெயர் 12 இருந்தாலும், கையில் பிடிக்க வேண்டியவை நாலே நாலு. டிமினிஷ்ட் செவன்த் இன்னும் மலிவு. 3+3+3 போட்டு மேலே இன்னொரு 3 ஏறினால் சுற்று முடிந்துவிடும், ஆகவே மொத்தமே மூன்று. சார்ட்டில் இந்த இரண்டுக்கும் 24 படம் போட்டிருந்தார்கள்.

செவன்த் கார்ட்கள் மேலே ஒரு மாடி கட்டுவது போல. மேஜரின் மேல் 3 வைத்தால் சி செவன் (சி, இ, ஜி, பி ஃப்ளாட்), 4 வைத்தால் சி மேஜர் செவன் (மேலே பி). மைனரின் மேல் 3 வைத்தால் மைனர் செவன். இங்கே பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் படுத்தியிருக்கிறார்கள்: சி, டி, இ என்று எழுத்து வரிசையில் எண்ணினால், 'மைனர் செவன்' என்பதில் மைனர் மூன்றாவது சுரத்தைக் குறிக்கிறது, 'மேஜர் செவன்' என்பதில் மேஜர் ஏழாவதைக் குறிக்கிறது.

ஜி செவனிலிருந்து சி-க்குப் போவதை மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஜி, பி, டி, எஃப். இதில் பி ஒரு படி ஏறி சி ஆகிறது, எஃப் ஒரு படி இறங்கி இ ஆகிறது, ஜி இருந்த இடத்திலேயே இருக்கிறது. பி-க்கும் எஃப்-க்கும் நடுவே ஆறு படி, அதில் இருக்கிற உறுத்தல் தான் காதை சி-க்குத் தள்ளுகிறது.

சஸ் (suspended) வகை மட்டும் 3, 4 கணக்கில் அடங்காது. சஸ் ஃபோர் 5+2, சஸ் டூ 2+5. மேஜரா மைனரா என்று சொல்லும் நடுச் சுரமே இல்லாததால் அந்தரத்தில் நிற்கும். அப்புறம், சி சஸ் டூவும் ஜி சஸ் ஃபோரும் ஒரே மூன்று சுரங்கள். சி சிக்ஸும் (சி, இ, ஜி, ஏ) ஏ மைனர் செவனும் அப்படித்தான், இடது கை எதை அடியில் வாசிக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும்.

இப்போது இன்வர்ஷனில், அதாவது அடிச் சுரத்தைத் தூக்கி மேலே வைத்துக் கார்டைத் திருப்புவதில், இருக்கிறேன். சி மேஜரைத் திருப்பி இ, ஜி, சி என்று பிடித்தால் 3+5. இன்னொரு முறை திருப்பி ஜி, சி, இ என்றால் 5+4. மைனரில் இவை 4+5, 5+3. எதுவானாலும் அந்த 5-இன் மேல் பக்கத்தில் இருக்கும் சுரம் தான் கார்டின் பெயர். மேஜர், மைனர் இரண்டிலும் எல்லாச் சுரத்திலும் சோதித்தேன், சரியாக வருகிறது. டிமினிஷ்டில் மட்டும் 5-க்குப் பதிலாக 6-ஐத் தேட வேண்டும்.