ஒரு குடோன், இரண்டு பூட்டு

பண்ருட்டிக்கு முந்திரிக்கொட்டை வாங்கி அனுப்புகிற வேலையாக கானாவின் தெச்சிமான் பக்கம் நான்கு வருடமாக இருக்கிறேன். குடோன் வாடகைக்கு. அதைக் கட்டிய பெரியவர் இறந்தபோது துக்கம் விசாரித்துவிட்டு, அந்த வருட வாடகையை மூத்த மகனிடம் கொடுத்தேன். அப்பாவுக்குப் பிறகு பிள்ளை, வேறு யார்? அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

மார்ச்சில், கொள்முதல் மும்முரமாக நடக்கும்போது ஒருநாள் காலையில் போனால் கதவில் புதுப் பூட்டு. போட்டவர் பெரியவரின் அக்கா மகன். மத்தியானத்துக்குள் மகன் வந்து அதன் பக்கத்திலேயே இன்னொன்றை மாட்டினார். உள்ளே முந்நூறு சாக்கு, சரியாகக் காயாத கொட்டை.

இந்தப் பக்கத்து மக்கள் அக்கான் இனத்தவர், அவர்களிடம் வம்சம் தாய்வழி. நாஞ்சில் நாட்டுக்காரர்களிடம் மருமக்கள் வழி, அதாவது சகோதரி பிள்ளைகளுக்குச் சொத்து போவது, என்றால் சட்டென்று புரியும். குடும்ப நிலம் 'அபுசுவா' எனும் தாய்வழிக் குடும்பத்துக்கு. பிள்ளைகள் தங்கள் அம்மாவின் அபுசுவாவைச் சேர்ந்தவர்கள். 1985-இல் வந்த வாரிசுச் சட்டம், உயில் எழுதாமல் இறந்தவர் சுயமாகச் சம்பாதித்ததில் பெரும்பங்கை மனைவி மக்களுக்குக் கொடுத்தது. குடும்பச் சொத்தைத் தொடவில்லை. அப்படியானால் இந்த நிலம் எந்தக் கணக்கு?

போலீசில் 'இது சிவில்' என்று அனுப்பிவிட்டார்கள். வக்கீல் வழக்குப் போட்டார். சரக்கை எடுத்துக்கொள்ள உத்தரவு கிடைக்க மூன்று வாரம். அதற்குள் கால்வாசிப் பருப்பு கறுத்துவிட்டது. அப்புறம் வாய்தா மேல் வாய்தா. கடைசியில் நீதிபதி, "ஊரின் மரபுத் தலைவர் அரண்மனையில் பேசிப் பாருங்கள், தீர்ந்தால் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். தட்டிக்கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கோர்ட்டுக்கு வெளியே தகராறு தீர்ப்பதற்கான 2010 சட்டத்திலேயே மரபுவழி மத்தியஸ்தத்துக்கு இடம் உண்டு, ஆனால் இரு தரப்பும் மனமொப்பி வர வேண்டும் என்று வக்கீல் விளக்கினார். தலைவர் கூப்பிட்டு வராவிட்டால் குற்றம் என்றிருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2011-இல் ரத்து செய்துவிட்டதாம்.

அரண்மனைக்கு ஷ்நாப்ஸ் என்ற மது பாட்டில்கள், எல்லாத் தரப்புக்கும் ஒரே கட்டணம். ரசீது கிடையாது, அது எனக்குப் பிடிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் கால்மேல் கால் போட்டேன். ஒச்சியாமே, அதாவது தலைவரின் வாயாக இருப்பவர், கோலால் தரையைத் தட்டினார். காலை இறக்கினேன். தலைவர் மூன்றடி தூரத்தில் இருந்தாலும் நேராகப் பேசக்கூடாது. ஒச்சியாமேயிடம் சொல்ல வேண்டும், அவர் திருப்பிச் சொல்வார்.

என் பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது. மீதி மூன்று மணி நேரம் ஒரே கேள்வி: 1983 காட்டுத்தீயில் அந்த நிலத்தில் எரிந்தது யாருடைய கோகோ? பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி எழுந்து, செத்துப்போனவரின் அம்மாவுடையது என்றார். எல்லைக்கு நட்ட செடிகள் இன்னும் நிற்பதையும் சொன்னார். கோர்ட்டில் இதை யாரும் கேட்கவே இல்லை. பெரியவரின் மனைவியை இங்கேயும் யாரும் கேட்கவில்லை, தலைவருக்கு இணையான மரபுப் பெண் தலைவரான ராணித்தாய் கூப்பிடும்வரை. குடோனுக்கு இரும்புத் தகடு வாங்கியது தன் சந்தைக் காசும் சேர்த்துத்தான் என்றார் அந்த அம்மா.

"கிழவியிடம் கேட்டுவிட்டு வருகிறோம்" என்று பெரியவர்கள் எழுந்தார்கள். நான் வாசலில் கிழவியைத் தேடினேன். தனியாகப் போய்க் கலந்து பேசுவதற்குத்தான் அந்தப் பேராம்.

தீர்ப்பு: நிலம் அபுசுவாவுக்கு, கட்டிடம் மனைவி மக்களுக்கு. நான் கொடுத்த வாடகை கொடுத்ததுதான். அடுத்த வருடம் முதல் இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதை எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு கோர்ட்டில் கொடுத்தோம். நீதிபதி சமரசத் தீர்ப்பாகப் பதிவு செய்ய பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

புதிய ஒப்பந்தத்தில் குடும்பத் தலைவர், குடும்பப் பெரியவர்கள் மூவர், மனைவி, மகன், அக்கா மகன் என ஏழு கையெழுத்து. பூட்டு இப்போது ஒன்றுதான், சாவி என்னிடம்.