அம்மாவின் முழங்கால் ஆபரேஷன்: எஸ்டிமேட்டைப் பிரித்துக் கேட்டோம்

நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் அம்மாவின் இரண்டு முழங்காலிலும் எலும்போடு எலும்பு உரசுவது தெரிந்தது. ஊசி, மாத்திரை, தைலம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. சரி, மூட்டு மாற்று ஆபரேஷன்தான் என்று சில மருத்துவமனைகளில் எஸ்டிமேட் கேட்டால், ஒன்றுக்கொன்று ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

அதிகம் கேட்ட இடத்தில், "எங்களது இம்போர்ட்டட் இம்ப்ளான்ட்" என்றார்கள், அதாவது உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு. ஆனால் 2017 ஆகஸ்டிலேயே மத்திய அரசு இதற்கு உச்ச விலை வைத்துவிட்டது. கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவையில் செய்ததற்கு அப்போது 54,720 ரூபாய், டைட்டானியம் வகைக்கு 76,600, ஜிஎஸ்டி தனி. உள்நாடோ வெளிநாடோ, அதே வரம்புதான். உலோகத்தால் வரும் வித்தியாசம் சுமார் இருபத்தி இரண்டாயிரம் என்றால், மீதி எங்கே போகிறது?

"பேக்கேஜ்ல எல்லாம் வந்துடும்மா" என்ற கவுன்டர் பெண்ணிடம் விடாமல் கேட்டு, தாளின் பின்பக்கம் பேனாவால் எழுதி வாங்கினேன். அறை, தியேட்டர், டாக்டர் ஃபீஸ், ரோபோ. ரோபோவுக்கு மட்டும் தனியாகப் பெரிய தொகை. எலும்பை அளவாக வெட்ட அது உதவும், ஆனால் நாள்பட நடையில் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டரே. விட்டுவிட்டோம்.

பாதி மூட்டு மட்டும் மாற்றினால் வலியும் குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தவர்களுக்குத்தான் அது சரிவரும்; அம்மாவுக்கு வெளிப்பக்கமும் போயிருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, 25 ஆண்டு தாக்குப்பிடிப்பது முழு மாற்றில் நூற்றுக்குச் சுமார் 82, பாதி மாற்றில் 70.

இரண்டு காலையும் ஒரே தடவையில் செய்தால் செலவு மிச்சம். அம்மாவுக்குச் சர்க்கரையோடு இதயத் தொல்லையும் இருப்பதால் டாக்டர் ஒப்பவில்லை.

காப்பீட்டில் மூட்டு மாற்றுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு இருந்தது, அது முடிந்திருந்தது. அறை வாடகையில்தான் கண்ணி. பாலிசி வரம்பைத் தாண்டிய அறை எடுத்தால், டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணத்திலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். இருவர் பகிரும் அறையே போதும் என்றோம். அம்மாவுக்குப் பேச்சுத் துணையும் ஆச்சு.

எஸ்டிமேட்டில் வராதவை வாக்கர், வீட்டுக்கு வரும் பிசியோதெரபி, வெஸ்டர்ன் டாய்லெட். பிசியோவை மட்டும் குறைக்காதீர்கள். அம்மா அந்தத் தம்பியைத் திட்டிக்கொண்டேதான் காலை மடக்கினார்.

அடுத்த கால், பாலிசி புதுப்பித்த பிறகு. அப்போதுதான் காப்பீட்டுத் தொகை மறுபடி முழுசாக இருக்கும்.