உகரம் படுத்தும் பாடு

பாட்டு வகுப்பில் 'ஆ' என்று மட்டும் நீட்டிப் பாடிப் பழகும் அகார சாதகம் முடிந்து உகாரத்துக்கு வரும்போதுதான் எனக்குச் சிக்கல் தொடங்குகிறது. தமிழில் 'பாட்டு' என்று சொல்லும்போது ஈற்று உகரம் அரை மாத்திரையாகக் குறுகி, இதழ் குவியாமலேயே நழுவிவிடுகிறது. தெலுங்கிலோ 'ராமுடு' என்பதன் கடைசி உகரத்துக்கு இதழைக் குவித்தாக வேண்டும். ஆசிரியை கைக்கண்ணாடியை நீட்டி, மேல் சட்ஜத்தில், அதாவது உச்ச 'ஸ' சுரத்தில், நின்று 'உ' பிடிக்கச் சொன்னபோது, என் உதடுகள் பட்டையாகவே கிடந்தன. (சுருதி மட்டும் சேர்ந்திருந்தது.)

வடமொழியில் எகர, ஒகரக் குறில்கள் இல்லாததால், 'தேவ' என்பதை எவ்வளவு விரைந்து பாடினாலும் நெடிலைக் காக்க வேண்டும். தமிழில் குறில், நெடில் இரண்டும் உண்டு. 'எந்த' என்பதை நீட்டினால் 'ஏந்த' ஆகிப் பொருளே மாறிவிடும். சுரங்களை அசைத்துப் பாடும் கமகம் பிறகு வரட்டும் என்கிறார் ஆசிரியை. இந்த வாரம் முழுவதும் உகரம் மட்டுமே வீட்டுப்பாடம்.