அணைக்குக் கீழே பாதி வெள்ளம்

தாமிரபரணிப் பாசனத்தில் வேலை பார்த்த பழைய ஆட்களிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால், 1992 நவம்பர் 13-ல் தொடங்குவார்கள். மேலே மலையிலுள்ள காக்காச்சியில் அன்றைக்கு ஒரே நாளில் 96 செ.மீ. மழை. நான் வேலைக்குச் சேரும்போது அது நடந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் ஐப்பசி பிறந்துவிட்டால், ஷட்டரையும் நீர்மட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் லஸ்கர்களின் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். அதே மலையிலிருக்கும் ஊத்திலும் நாலுமுக்கிலும் என்ன மழை என்று தெரியாமல் யாரும் தூங்கப் போகமாட்டார்கள்.

வெளியே இருப்பவர்களுக்கு அணை என்றால் ஷட்டரைத் திறப்பதும் மூடுவதும்தான். உள்ளே இருப்பவர்களுக்கு அது கேஜும் (நீர்மட்டம் காட்டும் அளவுகோல்) கணக்கும். அணைக்குள் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதை நேரடியாக அளக்க முடியாது. மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்த்து, கொள்ளளவு அட்டவணையில் வித்தியாசம் எடுத்து, வெளியே விட்டதைக் கூட்டினால் கிடைப்பதுதான் நீர்வரத்து. காற்றும் மழையுமாக இருக்கும் ராத்திரியில் அலை கேஜ் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அனுபவமுள்ள லஸ்கர் டார்ச்சை அடித்துக்கொண்டு நாலைந்து அலைகள் போகும்வரை பொறுத்திருப்பார்; உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவை எடுத்துச் சொல்வார். அணை நிறையும் தறுவாயில் நீர்ப்பரப்பு அகன்று கிடக்கும். அப்போது ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம் தவறாகப் படித்தாலும் நீர்வரத்து வினாடிக்கு ஆயிரக்கணக்கான கன அடி மாறிப்போகும். பெரிய அதிகாரிகளின் முடிவெல்லாம் நனைந்த கையோடு அந்த மனிதர் எழுதிய எண்ணின் மேல்தான் நிற்கிறது. அவர்களுக்கு உரிய மரியாதை கிடைத்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இங்குள்ள மூன்று பெரிய அணைகளின் முழு மட்டம்: பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. மூன்றும் சேர்ந்து சுமார் 12 டிஎம்சி பிடிக்கும்; ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி வருகிற நாளில், முக்கால்வாசி நிரம்பிய அணைகளில் மிச்சமிருக்கும் இடம் எத்தனை மணி நேரத்துக்குத் தாங்கும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அப்படியென்றால் முன்கூட்டியே திறந்து இடம் பண்ணி வைக்கலாமே என்பார்கள். சரிதான். ஆனால் கார்த்திகையில் பிசானப் பருவ நெல் நடவு முடிந்து நிற்கும். அந்தப் பயிருக்குப் பங்குனி வரை தண்ணீர் வேண்டும். ஒரு தடவை அப்படித் திறந்தபோது கன்னடியன் கால்வாய்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஆபீஸுக்கே வந்துவிட்டார். "மழை வரும் வரும்னு திறந்து விட்டுட்டு, வரலைன்னா பங்குனியில நாங்க எங்க போய் நிக்கதுக்கு சார்?" என்று கேட்டார். "அண்ணாச்சி, வந்துட்டா ஆத்தோரத்து ஊரெல்லாம் எங்க போய் நிக்கும்?" என்றேன். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். கடைசியில் வானிலை அறிக்கையை நம்புவதா வேண்டாமா என்பதில்தான் எல்லாம் முடியும். என்னைக் கேட்டால், நம்பித் திறப்பதே சரி. பயிர் போனால் நஷ்டஈடு கொடுக்க முடியும். உயிருக்கு அப்படிக் கொடுக்க ஒன்றுமில்லை.

அப்புறம் அணையை விட்டுக் கீழே வாய்க்கால் பிரிவுக்கு மாற்றினார்கள். பாதி வெள்ளம் அங்கேதான் உருவாகிறது என்பது அங்கே போன பிறகுதான் முழுதாகப் புரிந்தது. கடனா நதி, பச்சையாறு, சிற்றாறு எல்லாம் அணைகளுக்குக் கீழே வந்து ஆற்றில் சேருகின்றன. அவற்றின் மேலுள்ள சின்ன அணைகள் நிரம்பிவிட்டால் வருவதெல்லாம் நேரே ஆற்றுக்குத்தான். நெல்லையில் குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்தவுடன், "அணையைத் திறந்துட்டாங்க" என்று ஊர் பேசும். அன்றைக்குப் பெரிய அணைகளில் சொட்டுத் தண்ணீர் திறக்காமல்கூட இருந்திருப்போம்.

2023 டிசம்பர் 17, 18-ல் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் 60 செ.மீ.க்கு மேல், அங்கே ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். அணைகளிலிருந்தும் ஏராளமாகத் தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் காயல்பட்டினத்தில் பெய்த மழைக்கும் மணிமுத்தாறு ஷட்டருக்கும் என்ன சம்பந்தம்? கடலோரச் சமவெளியில் பெய்தது அங்கேயே நின்றது, குளங்களை நிரப்பியது, கரைகளை உடைத்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்ததைத் தூத்துக்குடிக்காரர்கள் மறக்கமாட்டார்கள்.

குளங்களில் மிஞ்சும் தண்ணீர் வழிந்து போகும் கலுங்குகளைப் போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கும். கல்தூண்களுக்கு நடுவே பலகையும் மணல் மூட்டையும் அடைத்து முழங்கால் உயரத்துக்குக் கூடுதலாகத் தண்ணீர் தேக்கியிருப்பார்கள். மழை குறைந்த வருடத்தில் இது பயிரைக் காப்பாற்றும். அடைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெருமழை ராத்திரியில் அதை எடுக்க யார் இறங்குவது? மேல்குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க்குளத்தின் மேல் வந்து விழும். கலுங்கிலிருந்து போகும் ஓடையில் வீடுகளும் சீமைக்கருவேலமும் இருந்தால் வடியவும் வழி கிடையாது.

அதனால் அணைக்கு மட்டும் எழுதிவைக்கிற வெள்ளக் கால விதிகள் போதாது. ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய்களுக்குத் திருப்பும் எட்டு அணைக்கட்டுகள், பதினோரு கால்வாய்கள், அவற்றுக்குக் கீழுள்ள குளங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு கலுங்கையும் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எந்த மட்டத்துக்கு மேல் பலகையை எடுப்பது, யார் எடுப்பது என்று அந்தந்த ஊர் விவசாயிகளோடு உட்கார்ந்து பேசி, முன்கூட்டியே முடிவுசெய்து எழுதி வைக்க வேண்டும்.