நடுவில் இன்னும் சிவக்கிறது: சுண்ணாம்புக் காரை, நான்காம் சுற்று

மூன்று மாதத்துக்கு முன் சோதனைக்காக வார்த்த சுண்ணாம்புக் காரைக் கட்டி ஒன்றை நேற்று உடைத்தேன். உடைந்த முகத்தில் காரம் பட்டால் சிவக்கும் பினாப்தலீன் கரைசலைச் சொட்டியதும் நடுப்பகுதி பீட்ரூட் சாறு போலச் சிவந்தது. ஓரத்தில் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குத்தான் வெள்ளை வெள்ளையாகவே நின்றது. கரியமில வாயு அவ்வளவு தூரமே புகுந்து சுண்ணாம்பைத் திரும்பக் கல்லாக்கியிருக்கிறது. மிச்சமெல்லாம் பச்சைச் சாந்து, நிறம் சிவப்பானாலும்!

ஆனால் விரிசல் ஒன்றுகூட இல்லை. முந்தைய மூன்று சுற்றும் தாளிப்பதில்தான், அதாவது சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் நீற வைப்பதில்தான் கெட்டன. முதலாவதில் தண்ணீர் போதாமல் சுண்ணாம்பு கருகிவிட்டது. அடுத்ததில் அவசரப்பட்டு மறுநாளே குழைத்தேன். நீறாமல் மிஞ்சிய குறுணைகள் சாந்துக்குள் மெல்ல நீறி, பத்தே நாளில் அம்மைக் கொப்புளம் போல வெடித்தன. மூன்றாவதில் மூட்டையே கோளாறு. புதுச் சுண்ணாம்பு என்று கடையில் கொடுத்தது ஏற்கெனவே காற்றில் நீறிய மாவு. தண்ணீரில் போட்டால் ஒரு சீறல்கூட இல்லை. இப்போது கல்லைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். நன்றாக வெந்த கல் உருவத்துக்கு லேசாக இருக்கும்.

இந்த முறை தொட்டித் தண்ணீரில் கல்லைப் போட்டேன், கல்லின் மேல் தண்ணீரை ஊற்றவில்லை. கொதி அடங்கும்வரை கிளறி, சலித்து, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்க 40 நாள் மூடிவைத்தேன். வெண்ணெய்தான்! கரணையைக் கவிழ்த்தாலும் விழவில்லை. பழைய காரையில் கலக்கும் கடுக்காயையும் பனைவெல்லத்தையும் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றினால்தான் எதனால் எது என்று தெரியும்.

மிஞ்சிய கரைசலை, வீட்டு சன்ஷேடிலிருந்து பெயர்ந்து விழுந்த கான்கிரீட் துண்டில் விட்டேன். முப்பது வயதுகூட ஆகாத வீடு. கம்பி இருந்த தடம்வரை ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. என் கட்டியில் நான் ஏங்கிக் காத்திருக்கும் அதே மாற்றம் இங்கே வினையாகியிருக்கிறது. காரத்தன்மை குறைந்ததும் கம்பியைக் காத்த மென்படலம் போய்விடுகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்டுக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. ரோமின் பாந்தியன் கும்மட்டம் 43 மீட்டர் அகலத்தில் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. துருப்பிடிக்க அதற்குள் கம்பியே கிடையாது. அதற்காகக் காரையில் சன்ஷேடு போட்டுவிட முடியாது. அந்தரத்தில் நீளும் பலகைக்குக் கம்பி வேண்டும்.

ஐந்தாம் சுற்றில் காரையோடு கலக்கச் செங்கல்பொடி தயார். வெந்து கறுத்த செங்கல் ஆகாது என்பதால் சூளையில் கெஞ்சி, குறைவாக வெந்த கழிவுக் கற்களை வாங்கி இடித்தேன். நான்காம் சுற்றில் இன்னும் ஐந்து கட்டிகள் ஈரச் சாக்குக்குள் கிடக்கின்றன. சமையலறையில் மாவுச் சல்லடை காணாமற்போனது குறித்து விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.